நன்றிக்கென்று ஒரு கொப்பி

இரத்தப் புற்றுநோய் கண்ட எங்கள் மகளைத் திருகோணமலையிலிருந்து 250 கிலோமீற்றருக்கு அப்பால் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். சிறுவர்களுக்குப் பெரும்பாலும் வரும் இவ்வகைக்குச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும் என்று அறிந்த அன்று, நன்றி என்ற சொல்லே எனக்குக் கோபமூட்டியது. அந்த நிலையில் இன்று இருக்கும் பெற்றோருக்காக, நாங்கள் கைக்கொண்ட ஒரு வழக்கத்தை எழுதுகிறேன்.

80 பக்கக் கொப்பி ஒன்று போதும். பிள்ளைக்கு ஒருவர் செய்த நல்லதை, செய்த விதம் மறக்குமுன் அன்றிரவே எழுதிவிடுங்கள். "அயலவர் உதவினர்" என்று மட்டும் எழுதினால் மறுவாரம் அந்த வரியில் எவர் முகமும் தெரியாது. எங்கள் கொப்பியில் உள்ள ஒரு பதிவு: பக்கத்துக் கட்டில் பிள்ளையின் சிங்களத் தாய், மகள் வாந்தியெடுத்த பாத்திரத்தை நான் எழுமுன்பே எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, எனக்குச் சிங்களமும் அவருக்குத் தமிழும் தெரியாததால் என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். இன்னொன்று: எதிர்வீட்டுப் பையன், மாலையில் எங்கள் தெருவுக்கு மேய வரும் புள்ளிமான்களைக் கைபேசியில் பிடித்து நாள்தோறும் அனுப்பினான், ஊசிக்குக் கை நீட்டும் வேளையில் மகள் அதைத்தான் பார்ப்பாள்.

கலியாண வீட்டில் மொய் எழுதும் கொப்பியாக இது மாறிவிடக் கூடாது. யாருக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது என்று நானும் சில நாள் கணக்குப் பார்த்தேன். அந்நாட்களில் கொப்பியைத் திறக்கவே மனம் வரவில்லை. எதுவும் எழுதத் தோன்றாத நாளில் பக்கத்தை வெறுமையாக விடுங்கள்.

"நாங்கள் என்ன செய்யட்டும்?" என்று கேட்பவரிடம் "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் பிள்ளைக்குச் சாதாரணத் தடிமனும் ஆபத்தாகலாம் என்பதால், இருமலோடு பார்க்க வருபவரைத் தயங்காமல் தடுத்து, சுகமான பின் இரத்ததானம் செய்யச் சொல்லுங்கள். இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளைத் தானம் பெற்றபின் ஏறக்குறைய ஐந்து நாட்களே வைத்திருக்க முடியும். ஆகவே கொடுப்பவர் எப்போதும் தேவை. "மெலிந்துவிட்டாயே" என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லும் உறவினருக்கு மட்டும் நான் இதுவரை ஒரு வேலையும் கண்டுபிடிக்கவில்லை.

பிள்ளையை நன்றி சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். கொப்பியை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தால் போதும். ஒருநாள் எங்கள் மகள் நடுப்பக்கத்தைக் கிழித்து, ஒரு மானையும் அதன் முதுகில் பக்கத்துக் கட்டில் பையனையும் வரைந்து, அந்தத் தாயிடம் நீட்டினாள். அன்றுதான் அவருடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.