பழைய ஆம்பிளிஃபயரின் பவர் சப்ளைப் பழுதைக் கண்டறிந்து சரிசெய்தல்

பழைய டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயரில் பியூஸ் அடிக்கடி போனாலோ, ஸ்பீக்கரில் ஓயாத உறுமல் கேட்டாலோ, பலரும் முதல் வேலையாகப் பெரிய கெப்பாசிட்டர்களை மாற்றிவிடுகிறார்கள். பழுது பவர் சப்ளையில் இருக்கிறதா, அதிலிருந்து மின்சாரம் பெறும் அவுட்புட் பகுதியில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கும் வரை எதையும் மாற்றாமலிருப்பதே நல்லது. 24-0-24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் (நடு முனைக்கு இருபுறமும் 24 வோல்ட் ஏசி தருவது), பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நான்கு டையோடுகள்), பிளஸ், மைனஸ் என்று பக்கத்துக்கு ஒன்றாக 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்ற பரவலான அமைப்பை வைத்து இங்கே விளக்குகிறேன். வால்வு ஆம்பிளிஃபயரில் உயிரைப் பறிக்கக்கூடிய முந்நூறு, நானூறு வோல்ட் இருக்கும் என்பதால் அதற்கு இந்தக் குறிப்பு மட்டும் போதாது.

பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து முழுவதுமாக உருவிய பிறகே மூடியைத் திறக்கவும். கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஸ்குரூடிரைவரால் முனைகளைச் சேர்த்துப் பொறி பறக்கவிடும் வழக்கத்தைக் கைவிட்டு, 470 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொன்றின் குறுக்கேயும் கால் நிமிடம் பிடித்து, மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளவும்.

அடுத்து, ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றை ஃபேஸ் கம்பியில் சீரிஸாக, அதாவது ஆம்பிளிஃபயருக்குப் போகும் மின்சாரம் பல்பு வழியாகவே பாயும்படி, இணைக்கவும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஸ்விட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் பெரிய ஷார்ட் எதுவும் இல்லை. பிரகாசமாகவே எரிந்தால், அணைத்து மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, அவுட்புட் போர்டுக்குப் போகும் இரண்டு சப்ளைக் கம்பிகளையும் கழற்றிப் பாருங்கள். இப்போது பல்பு மங்கினால் பவர் சப்ளை குற்றமற்றது. பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள்தான் ஷார்ட் ஆகியிருக்கும். அப்போதும் மங்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி (வெளியீட்டுச் சுற்று) கம்பிகளைப் பிரிட்ஜிலிருந்து விடுவிக்கவும். அதன் பிறகும் எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே சுற்றுகள் ஷார்ட் ஆகியுள்ளன. மங்கினால் பிரிட்ஜையோ கெப்பாசிட்டரையோ சந்தேகிக்கலாம்.

பிரிட்ஜின் ஒவ்வொரு டையோடும் மீட்டரின் டையோடு நிலையில் ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வரை காட்டி, எதிர்த்திசையில் மின்சாரத்தை விடாமல் திறந்திருக்க வேண்டும்.

உறுமல் வால்யூமைக் குறைத்தாலும் குறையவில்லை என்றால் பவர் சப்ளையின் மீது சந்தேகம் வலுக்கிறது. வால்யூமோடு சேர்ந்து கூடிக் குறைந்தால் இன்புட் பக்கம்தான் தேட வேண்டும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், வற்றிப்போன கெப்பாசிட்டரால் எழும் உறுமல் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். நல்ல நிலையில் இரு பக்கமும் சுமார் 33 வோல்ட் டிசி கிடைக்க வேண்டும்; சுமை குறைவாக இருந்தால் சற்றுக் கூடுதலாகவும் காட்டும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் குறைந்த பக்கத்தை ஆராயவும்.

கெப்பாசிட்டரை மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே, 50 வோல்ட்டுக்குக் குறையாத, 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையாக வாங்கிப் பொருத்தவும். பெரிதாகப் போட்டால் ஒலி மேம்படும் என்று 22,000 மைக்ரோஃபாரட் வரை ஏற்றுபவர்கள் உண்டு. ஸ்விட்ச் போடும் கணத்தில் பாயும் மின்னோட்டத்தால் பிரிட்ஜும் பியூஸும்தான் அவதிப்படும். துருவத்தை மாற்றிப் பொருத்திவிட்டால் கெப்பாசிட்டர் வெடிக்கக்கூடும். பியூஸ் அதே ஆம்பியரிலும், ஸ்லோ புளோ (சற்றுத் தாமதித்து உருகுவது) என்றிருந்தால் அதே வகையிலும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் இணைத்து, சீரிஸ் பல்பு மங்கலாக இருப்பதை உறுதிசெய்த பின், பல்பை நீக்கி நேரடியாக மின்சாரம் கொடுத்து, ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட்டேஜை அளக்கவும். 100 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் மட்டுமே ஸ்பீக்கரை இணைக்கலாம்.