தோட்டக் கம்பனியில் நம்ம ஈ.பி.எப் காசு இருக்கிறதா? பார்ப்பதும் கேட்பதும் எப்படி

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவரின் சம்பளத்தில் பிடிக்கும் 8 சதவீதமும் கம்பனி போடும் 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈ.பி.எப்புக்கு, போகின்றன. அந்தக் காசை முதலீடு செய்வது மத்திய வங்கி. பெரும்பகுதி அரசாங்கத்தின் கடன் பத்திரங்களான திறைசேரி முறிகளில் கிடக்கிறது. ஒரு சிறு பங்கு கொழும்புப் பங்குச் சந்தைக் கம்பனிகளுக்குப் போகிறது. அதில் உங்கள் தோட்டத்தை நடத்தும் கம்பனியோ அதன் தாய்க் கம்பனியோ இருந்தால், தொழிலாளியின் ஓய்வுகாலக் காசே அவருடைய முதலாளியிடம் பங்காக இருக்கிறது என்று அர்த்தம். தொழிலாளரை எப்படி நடத்துகிறீர்கள் என்று பங்குதாரர் கம்பனியைக் கேட்கலாம். பங்குதாரரையே கேட்க வைப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் சொந்தக் கணக்கு. சில தோட்டங்களில் ஈ.பி.எப்புக்குப் பதிலாக ஈ.எஸ்.பி.எஸ் அல்லது சி.பி.பி.எஸ் என்ற தனி நிதிக்குக் கட்டுவார்கள். எது என்பது சம்பளச் சீட்டில் இருக்கும். 2024 செப்டம்பர் வர்த்தமானியின் நாட்சம்பளமான 1,350 ரூபாவை வைத்துக் கணக்குப் போடுவோம் (பிறகு கூடியிருந்தால் அந்தத் தொகையைப் போடுங்கள்). மாதம் 22 பேர், அதாவது 22 நாள் வேலைக் கணக்கு, விழுந்தால் 29,700 ரூபா. அதில் தொழிலாளி பங்கு 2,376, கம்பனி பங்கு 3,564, மொத்தம் 5,940. இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, அதாவது ஈ.ரி.எப்புக்கு, கம்பனி தனியாக 3 சதவீதம், 891 ரூபா கட்ட வேண்டும். அதைச் சம்பளத்தில் கழிக்கக்கூடாது.

சீட்டில் கழித்திருப்பதால் கட்டிவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மாதத்துக் காசை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் 5 முதல் 50 சதவீதம் வரை மிகைக்கட்டணம் உண்டு, அதைக் கம்பனிதான் கொடுக்க வேண்டும். உங்கள் கணக்கில் விழுந்த காசைக் காட்டும் நிதிக் கூற்றை வாங்கிச் சீட்டுகளோடு மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். செக்ரோலில் (தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேட்டில்) ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர் என்று இருந்தால் காசு யாருடைய கணக்கிலும் ஒழுங்காகச் சேராது. தோட்டங்களில் அதிகம் நடக்கும் கோளாறு இதுதான். வேலையில் இருக்கும்போதே தோட்ட ஒபிசிலும் தொழில் திணைக்கள அலுவலகத்திலும் திருத்திவிடுங்கள்.

அடுத்தது கம்பனி. 1992இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயின. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பனிகள் ஆண்டறிக்கையையும் காலாண்டு அறிக்கையையும் சந்தையின் இணையத்தளத்தில் போட்டாக வேண்டும். இரண்டிலும் ‘டுவென்ரி லாஜெஸ்ட் ஷெயார்ஹோல்டர்ஸ்’, அதாவது மிகப் பெரிய இருபது பங்குதாரர்கள், என்ற பட்டியல் வரும். அதில் ‘எம்ப்ளோயீஸ் புரொவிடன்ட் ஃபண்ட்’ அல்லது ‘எம்ப்ளோயீஸ் ட்ரஸ்ட் ஃபண்ட் போர்ட்’ இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டக் கம்பனியின் பட்டியலில் இல்லை என்று விட்டுவிடாமல் தாய்க் கம்பனியின் பட்டியலையும் பாருங்கள். பலர் அங்கே தேடுவதில்லை. வங்கிப் பெயரோடு ‘நொமினீஸ்’ (பிறருக்காகப் பங்கை வைத்திருப்பவர்) என்று வந்தால் பின்னால் வெளிநாட்டு நிதி இருக்கலாம், உண்மையான சொந்தக்காரர் பெயர் அங்கே தெரியாது.

பட்டியலில் இல்லாவிட்டாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016இன் 12ஆம் இலக்கம்) இருக்கிறது. மத்திய வங்கியின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம்: ‘ஊழியர் சேமலாப நிதி இன்ன திகதியில் எந்தெந்தக் கம்பனியில் எத்தனை பங்கு வைத்திருந்தது, கடந்த பொதுக் கூட்டங்களில் எப்படி வாக்களித்தது, முதலீடு செய்யும்போது தொழிலாளர் நிலைமையைப் பார்க்கும் எழுத்துமூலக் கொள்கை உண்டா?’ தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ‘ஏன் அந்தக் கம்பனியில் போட்டீர்கள்’ என்று கேட்டால் அது தகவல் இல்லை, அபிப்பிராயம் என்று தட்டிக்கழிப்பார்கள். கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும்.

இனி ஆதாரம். இதில்தான் அதிக நேரம் செலவாக வேண்டும். ‘எங்களை நசுக்குகிறார்கள்’ என்று எழுதினால் கொழும்பில் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நிறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். தராசில் 19.5 கிலோ, சாக்குக்கும் தண்ணீருக்கும் கழித்து நிறுவைத் துண்டில் 17. நோர்ம், அதாவது ஒரு பேருக்கு எடுக்க வேண்டிய அளவு, 18 என்றால் முழுப்பேர் அரைப்பேர் ஆகிறது. அன்று 675 ரூபா போயிற்று, அதோடு இரண்டு பங்கும் சேர்ந்து 135 ரூபா சேமலாபமும் போயிற்று. திகதி, டிவிஷன், மலை இலக்கம், தராசுக் கிலோ, துண்டுக் கிலோ, விழுந்த பேர் என்று ஆறு நிரல் போட்டு ஒரு கொப்பியில் மூன்று மாதம் எழுதுங்கள். துண்டுகளைப் படம் எடுத்து வையுங்கள். பேர் போடாமல் கிலோவுக்குக் காசு கொடுக்கும் கைக்காசுக்கு எடுக்கும் நாளையும், தேயிலையைப் பிரித்துக் கொடுத்து வருமானப் பங்கு என்று செய்யும் வேலையையும் தனியாகக் குறியுங்கள். அந்த நாட்களுக்குச் சேமலாபம் விழுகிறதா என்பது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

முதலீட்டாளர்களுக்குப் பழக்கமான பாஷை சர்வதேச தொழில் அமைப்பின் சமவாயங்கள்தான், ஆகவே ஒவ்வொரு விஷயத்தையும் அதன் இலக்கத்தோடு எழுதுங்கள். சங்கம் சேர்வதும் கூட்டுப் பேரமும் 87, 98. ஆண்களின் வேலை மதியத்தோடு முடிய, பெண்கள் அதே பேருக்கு மாலை வரை நிற்பது 100, 111. கையுறையும் முகமூடியும் இல்லாமல் மருந்தடிக்க விடுவது 155. பிள்ளை வேலை 138, 182.

பிறகு கம்பனியின் ஆண்டறிக்கையை எடுத்து இயக்குநர் சபை அறிக்கையில் ‘ஸ்டாச்சுட்டரி பேமன்ட்ஸ்’ என்ற பந்தியைப் படியுங்கள். சட்டப்படியான கொடுப்பனவெல்லாம் கட்டியாயிற்று என்று வழக்கமாக அதில் இருக்கும். உங்கள் கூற்றில் நான்கு மாதம் விழவில்லை என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். பங்குதாரருக்குச் சொன்னது ஒன்று, நடந்தது வேறு என்பதைப் போல முதலீட்டாளரை உசுப்புவது வேறில்லை.

கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்டக்கூடாது. கம்பனிச் செயலாளருக்கு ஒன்று, மத்திய வங்கியின் ஊழியர் சேமலாப நிதித் திணைக்களத்துக்கு ஒன்று, திறைசேரிச் செயலாளருக்கு ஒன்று. திறைசேரி எதற்கு என்றால், இந்தக் கம்பனிகளில் அதற்குத் ‘தங்கப் பங்கு’ இருக்கிறது. இரண்டு வார அறிவித்தலில் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும், காலாண்டு முடிந்து 60 நாளுக்குள் அறிக்கை பெறவும் அந்தப் பங்குக்கு உரிமை உண்டு. ஆண்டறிக்கையில் மூலதனம் பற்றிய குறிப்பில் இதை அச்சிட்டிருப்பார்கள். தோட்டத்தில் இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்பதே அபூர்வம்.

தொழிலாளர் பெயர்களைக் கடிதத்தில் போடாதீர்கள். சங்கத்தின் பெயரில் அனுப்புங்கள், கொப்பி சங்கத்திடமே இருக்கட்டும். பெயர் தெரிந்தால் அடுத்த நாளே கொழுந்து இல்லாத மலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

பங்குகளை விற்றுவிடச் சொல்வது தவறு. கோபத்தில் முதலில் வாயில் வருவது அதுதான். நிதி விற்றுவிட்டால் வாங்குகிறவருக்கு உங்களைக் கேட்கவேண்டிய கட்டாயமில்லை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒன்றும் மாறவும் மாறாது. ‘எங்கள் பங்குகளுக்காக இந்தக் கடிதத்தில் உள்ள கேள்விகளைக் கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலை எங்களுக்கும் தாருங்கள்’ என்பதே சரியான கோரிக்கை. ‘எங்களிடம் இருப்பது சிறு பங்குதானே’ என்று நிதி சொன்னால் அதற்கும் பதில் உண்டு. 2012இல் ஒடிசாவின் போஸ்கோ உருக்குத் திட்டம் பற்றிய முறைப்பாட்டில், நோர்வேயின் நிதியும் நெதர்லாந்தின் ஏ.பி.பி ஓய்வூதிய நிதியும் சிறு பங்குதாரர்கள்தான். சிறு பங்குதாரருக்கும் பொறுப்பு உண்டு என்றே, பன்னாட்டுக் கம்பனிகளுக்கான ஓ.ஈ.சி.டி நெறிமுறைகள் பற்றிய முறைப்பாடுகளைப் பார்க்கும் இரு நாடுகளின் தேசியத் தொடர்பு மையங்களும் 2013இல் நிலைப்பாடு எடுத்தன.

நேரில் கேட்க விரும்பினால் சங்கத்தில் ஒருவர் தரகர் மூலம் கணக்குத் திறந்து ஒரே ஒரு பங்கை வாங்கினால் போதும். பொதுக் கூட்டத்துக்குக் குறைந்தது 15 வேலை நாள் முன்னதாக அறிவித்தல் வரும். மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பனி செப்டம்பர் முடிவதற்குள் கூட்டம் வைக்க வேண்டும். வேறொருவரை அனுப்புவதானால் பிரதிநிதிப் படிவத்தை அறிவித்தலில் சொன்ன நேரத்துக்கு முன் ஒப்படையுங்கள். வழக்கமாக அது கூட்டத்துக்கு 48 மணித்தியாலம் முன். ஹட்டனில் இருந்து தபாலில் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் கையில் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்குங்கள். கூட்டத்தில் கிடைப்பது இரண்டு நிமிடம். நிறுவைக் கணக்கைக் கேளுங்கள், பதிலைக் கூட்ட அறிக்கையில் பதியச் சொல்லுங்கள்.

அடுத்த காலாண்டு அறிக்கை காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் வரும் (நான்காவது காலாண்டு என்றால் இரண்டு மாதத்துக்குள்). அந்த இருபது பேர் பட்டியலில் நிதியின் பங்குகள் குறைந்திருந்தால், விற்க முடிவெடுத்த ஆவணத்தையும், விற்கும் முன் கம்பனிக்கு ஏதாவது எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தையும் கேட்டு அடுத்த தகவல் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.