பழைய பிக்கப்புக்குப் பெரிய டயர்: குறைந்த செலவில் முன்பக்கத்தை மட்டமாக்குவது எப்படி?

பழைய பிக்கப் வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி நிற்கும். பின்னால் சுமை ஏற்றினால் வண்டி சமமாக வரட்டும் என்று தயாரிக்கும்போதே வைத்த சாய்வு அது. வருடக்கணக்கில் ஓடி முன் ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தால் இன்னும் தாழ்ந்திருக்கும். பெரிய டயர் போட்டால் முதலில் உரசுவதும் முன்பக்கம்தான். முழு லிஃப்ட் கிட் (வண்டியைத் தூக்கும் உதிரிபாகத் தொகுப்பு) வாங்காமல் என் வண்டியை மட்டத்துக்குக் கொண்டுவந்த முறையைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முன்னால் இருப்பது எந்த ஸ்ப்ரிங்?

குனிந்து பாருங்கள். சேஸிஸ் ஓரமாக நீளவாக்கில் ஒரு தடித்த இரும்புக் கம்பி ஓடினால் அது டார்ஷன் பார், அதாவது முறுக்கப்பட்டு ஸ்ப்ரிங்காக வேலை செய்யும் கம்பி. 1988 முதல் 1998 வரை வந்த செவ்ரோலே கே1500, பழைய ஹைலக்ஸ் நான்கு சக்கர இழுவை வண்டிகள் பலவற்றில் இதுதான். என் வண்டியும் இந்த வகை. செலவு மிகக் குறைவாக முடிவதும் இதில்தான், ஏனென்றால் உயரத்தை மாற்றும் போல்ட் வண்டியிலேயே இருக்கிறது.

காயில் ஸ்ப்ரிங்குக்குள் ஷாக் இருக்கும் அமைப்பு (ஸ்ட்ரட்) என்றால் அதற்கு மேலே பொருந்தும் ஸ்பேசர் (இடைக்கட்டை) வாங்குங்கள். சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேல், கீழ்க் கைகளில் (கண்ட்ரோல் ஆர்ம்) கீழ்க் கையின் நடுவில் ஸ்ட்ரட் உட்கார்ந்திருப்பதால், 1 இன்ச் ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய 2 இன்ச் உயரம் கொடுக்கலாம். காயிலை அழுத்திக் கழற்ற வேண்டிய வகையைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். அழுத்திய காயில் நழுவினால் உயிருக்கே ஆபத்து.

2. டயர் கணக்கு

245/70 ஆர்16 (அகலம் 245 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 70 சதவீதம், ரிம் 16 இன்ச்) டயரின் விட்டம் ஏறக்குறைய 749 மி.மீ. 265/70 ஆர்16 என்றால் 777 மி.மீ. வித்தியாசம் 28 மி.மீ.; அதில் பாதி, 14 மி.மீ. மட்டுமே வண்டியை உயர்த்தும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையான வேகம் ஏறக்குறைய 104 இருக்கும். அகலமும் 20 மி.மீ. கூடுகிறது. உரசல் பெரும்பாலும் அந்த அகலத்தால்தான் வருகிறது.

3. அளவு எடுப்பது

சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிசெய்து, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் மாறினால் அந்த அளவு பயன்படாது.

4. போல்ட்டைத் திருப்புவது

முந்தைய இரவே போல்ட்டை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். வெளியே தெரியும் மரையை அளந்து, போல்ட் தலையில் பெயின்ட் கோடு போடுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப அந்தக் கோடுதான் வழி.

பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் சேஸிஸைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள். சக்கரம் தொங்கும்போது பாரின் முறுக்கு குறைந்து போல்ட் எளிதாகத் திரும்பும். இறுக்கினால் உயரும். இம்பாக்ட் கன் எனக்குப் பிடிக்காது. துருப்பிடித்த மரையை அது வழித்துவிடும். நீளமான கைப்பிடியும் சரியான சாக்கெட்டும் போதும்.

என் வண்டியில் ஏறக்குறைய 5 சுற்றுக்கு 1 இன்ச் வந்தது. உங்களுக்கு மாறும், ஆகவே இரண்டு பக்கமும் 2 சுற்று திருப்பி, இறக்கி, அளந்து பாருங்கள்.

5. வண்டி அமர வேண்டும். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்

முதல் முறை ஜாக்கை இறக்கியதும் டேப்பை எடுத்தேன். ஒரே தடவையில் 2 இன்ச்சுக்கு மேல் உயர்ந்திருந்தது. அதிகமாகிவிட்டது என்று தளர்த்தினேன். மறுநாள் காலை ஓட்டி வந்து நிறுத்தினால் மூக்கு கிட்டத்தட்ட பழைய இடத்தில், அதுவும் இடது பக்கம் தாழ்ந்து நிற்கிறது. ஒரு நாள் முழுக்க ஏற்றி இறக்கிய பிறகே காரணம் புரிந்தது.

சக்கரம் தொங்கும்போது கண்ட்ரோல் ஆர்ம் கீழே சாய்ந்து, டயர் உள்பக்கம் நகர்ந்துவிடுகிறது. வண்டியை இறக்கும்போது அது வெளியே நகர வேண்டும். ஆனால் ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்வதால் நகராமல், வண்டி பொய்யான உயரத்தில் நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு முறை இறக்கியதும் வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டி, பம்பரை நன்றாக அமுக்கி விட்டு, அதன் பிறகே அளக்க வேண்டும். வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பார் இரண்டு பக்கத்தையும் இணைப்பதால் ஒரு பக்கத்தைத் திருப்பினால் மறுபக்கமும் கொஞ்சம் அசையும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். மாறி மாறிச் சிறிது சிறிதாகச் செய்யுங்கள்.

1.5 இன்ச்சோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் மேல் கை அதன் ரப்பர் ஸ்டாப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும், முன் சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும் தண்டிலுள்ள சி.வி. ஜாயின்ட்டின் கோணமும் கூடிவிடும். பாரை முறுக்கினால் ஸ்ப்ரிங் கடினமாகிவிடும் என்கிறார்கள். ஸ்ப்ரிங் மாறுவதில்லை; அதிகம் முறுக்கிய வண்டி குலுங்குவது, சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் ஸ்டாப்பில் மோதுவதால்தான்.

6. உரசல் சோதனை

மட்டமாக்கினால் நிற்கும்போதுதான் இடைவெளி கூடுகிறது. பள்ளத்தில் சக்கரம் முழுவதும் உள்ளே அமுங்கினால் டயர் போய் நிற்கும் இடம் பழைய இடமேதான். எனவே ஒரு முன் சக்கரத்தையும் அதற்கு எதிர்மூலைப் பின் சக்கரத்தையும் மேட்டில் ஏற்றி, மெதுவாக ஊர்ந்தபடி ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். ரிவர்ஸிலும் பாருங்கள். உள் பிளாஸ்டிக்கோ மட்ஃபிளாப்போ உரசினால் வெட்டிச் சரிசெய்யலாம். சேஸிஸிலோ கண்ட்ரோல் ஆர்மிலோ பட்டால் சின்ன டயருக்குப் போங்கள்.

7. அலைன்மென்ட்

இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். உயரம் மாறினால் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் கோணம்), கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) இரண்டும் மாறும். புது டயர் ஓரத்தில் தேய்ந்துபோகும். சில நாள் ஓட்டி வண்டி அமர்ந்த பிறகு செய்யுங்கள். மூக்கு உயர்ந்ததால் ஹெட்லைட்டும் மேலே பார்க்கும். எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்காதபடி அன்றைக்கே இறக்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: புது டார்ஷன் கீ (பாரின் முனையில், போல்ட் தள்ளும் நெம்புகோல்) வாங்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். உங்கள் போல்ட்டில் மரை மிச்சமிருந்தால் தேவையில்லை. கீ, போல்ட் தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றுகிறது. அடுத்து, பின்பக்கத்தையும் ஆக்ஸிலுக்கும் ஸ்ப்ரிங்குக்கும் நடுவே பிளாக் (கட்டை) வைத்து உயர்த்திய ஒருவருக்குப் பின் பிரேக் பிடிமானம் குறைந்ததாம். சில பிக்கப்களில் பின் ஆக்ஸிலோடு இணைந்த பிரேக் வால்வு, உயரத்தை வைத்துத்தான் சுமையைக் கணிக்கிறது. பின்னால் உயர்த்தினால் சுமை இல்லை என்று அது எடுத்துக்கொள்ளும். அந்த இணைப்புக் கம்பியைச் சரிசெய்யாமல் ஓட்டாதீர்கள்.