பெங்களூரில் முதல் வாக்கியம் கன்னடத்தில் இருக்கட்டும்

பெங்களூருக்குப் புதிதாக வருகிற நம் ஆட்களுக்கு ஒரு குறிப்பு. பஸ்ஸிலோ மெட்ரோவிலோ பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து மொழியை ஊகிக்க வேண்டாம். 2011 கணக்கெடுப்பிலேயே இங்கே கன்னடத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவுதான், மீதி தமிழ், தெலுங்கு, உருது, இந்தி என்று போகிறது. அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழ் சுலபமாக ஓடும் என்பது உண்மை, ஆனால் அங்கேயும் எடுத்தவுடன் தமிழில் ஆரம்பிக்காமல் முதல் வாக்கியத்தைக் கன்னடத்தில் சொல்லிவிடுங்கள், எதிரில் இருப்பவர் தனக்கு வசதியான மொழிக்குத் தானாகவே மாறிக்கொள்வார்.

அதிகம் தேவையில்லை. கண்டக்டரிடம் இறங்குமிடத்தைச் சொல்லி "ஒந்து டிக்கெட் கொடி" (ஒரு டிக்கெட் கொடுங்கள்), கடையில் "எஷ்டு?" (எவ்வளவு?), நெரிசலில் "ஸ்வல்ப ஜாக பிடி" (bidi, கொஞ்சம் இடம் விடுங்கள்), பேச்சு கைமீறிப் போனால் "கன்னட ஸ்வல்ப பருத்தே" (baruthe, கன்னடம் கொஞ்சம் வரும்; இதைச் சிரித்துக்கொண்டே சொன்னால் பாதி வேலை முடிந்தது).

இதில் நம்மவர்கள் சறுக்கும் இடம் மரியாதை. தெரியாதவரிடம் "பா" (baa), "கொடு" என்றால் அது வா, கொடு என்று ஒருமையில் பேசுவதுதான், ஆகவே "பன்னி" (banni, வாருங்கள்), "கொடி" (கொடுங்கள்) என்றே பழகுங்கள். அண்ணா, அக்கா, சார், மேடம் எல்லாம் இங்கேயும் செல்லும். ஆனால் "குரு", "மகா" (maga) என்று கூப்பிடுவது வேண்டாம், அதெல்லாம் நண்பர்களுக்குள். அப்புறம், எதிரில் இருப்பவருக்கே கன்னடம் தெரியவில்லை என்றால் இந்தியோ ஆங்கிலமோ, எது வருகிறதோ அது. அவர் ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று பஸ்ஸில் நின்றபடி விசாரிப்பது நம் வேலை இல்லை.