டெஸ்ட் பாஸ் ஆனாலும் நம்பாதீங்க: எஸ்டிராம் இணைக்கிற முறை

சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோனுக்கு டிஸ்ப்ளே போர்டு செய்தேன். 800க்கு 480 திரை, பிக்சலுக்கு 2 பைட் வைத்தாலே 7,68,000 பைட் வேண்டும். போர்டை இயக்குகிற எஸ்டிஎம்32எஃப்429 மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்குள் இருப்பதோ 256 கேபி மெமரி. அதனால் வெளியே 8 எம்பி எஸ்டிராம் (தகவலை மின்னூட்டமாக வைத்திருக்கிற மெமரி சிப்) ஒன்று வைத்து, சிப்புக்குள் இருக்கிற எஃப்எம்சி என்கிற மெமரி கன்ட்ரோலரோடு இணைத்தேன்.

முதலில் வயரிங். டேட்டா லைன் 16, அட்ரஸ் லைன் 12, பேங்க் (எஸ்டிராமுக்குள் எந்தப் பகுதி) என்று சொல்கிற லைன் 2, அப்புறம் கிளாக்கும் கன்ட்ரோல் லைன்களும். அட்ரஸ் 12 போதுமா என்று கேட்பீர்கள்; முதலில் ரோ (கிடைவரிசை) எண், பிறகு அதே பின்களில் காலம் (நெடுவரிசை) எண் போகும், அதனால் போதும். டிராக் போட இடம் இடிக்கிறதென்றால் டேட்டா லைன்களை ஒரே பைட்டுக்குள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், எழுதியது அதே வழியில்தானே திரும்பி வரும். அட்ரஸ் லைனில் மட்டும் இந்த வேலை வேண்டாம், எஸ்டிராம் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று குறித்து வைக்கிற மோட் ரெஜிஸ்டருக்குப் போகிற கட்டளை அந்த வழியாகத்தான் போகிறது.

டைமிங்குக்கு டேட்டாஷீட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டிராம் கிளாக் 90 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு கிளாக் 11.1 நானோநொடி. டேட்டாஷீட் 20 நானோநொடி கேட்டால் 2 கிளாக், எப்போதும் மேல்பக்கம்தான் முழுமையாக்க வேண்டும். சிஏஎஸ் லேட்டன்சி (படி என்று சொன்ன பிறகு டேட்டா வர எத்தனை கிளாக்) கன்ட்ரோலரிலும் எஸ்டிராமிலும் ஒரே எண்ணாக இருக்கட்டும்.

ஆரம்பிக்கிற வரிசை மாறக்கூடாது: கிளாக்கை இயக்கு, 100 மைக்ரோநொடி பொறு, எல்லா பேங்குக்கும் ப்ரீசார்ஜ் (திறந்த ரோவை மூடுவது), சில ஆட்டோ ரிஃப்ரெஷ் (கசிகிற மின்னூட்டத்தைப் புதுப்பிப்பது), மோட் ரெஜிஸ்டர், கடைசியில் ரிஃப்ரெஷ் எண்ணிக்கை. 4096 ரோவுக்கும் 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை ரிஃப்ரெஷ் போய்ச் சேர வேண்டும், பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற மாதிரி. ஒரு ரோவுக்கு 15.625 மைக்ரோநொடி, 90 மெகாஹெர்ட்ஸில் 1406 கிளாக், அதில் மைக்ரோகன்ட்ரோலரைச் செய்கிற எஸ்டி கம்பெனி மேனுவல் சொல்கிற 20ஐக் கழித்தால் 1386.

இப்போது டெஸ்ட். ஒரு எண்ணை எழுதி உடனே படித்துப் பார்த்து 'சரியாத்தான் இருக்கு' என்று எழுந்துவிடாதீங்க, எஸ்டிராமே இல்லாத போர்டிலும் லைனில் தங்கிய மின்னூட்டத்தால் அது சில நேரம் பாஸ் ஆகும். டேட்டா லைனுக்கு ஒவ்வொரு பிட்டாக 1ஐ நகர்த்தி எழுதுங்கள், ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் தெரிந்துவிடும். அட்ரஸ் லைனுக்கு 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாகும் இடங்களில் வெவ்வேறு எண்களை எழுதி முடித்த பிறகு மொத்தமாகப் படியுங்கள். 16 பிட்டாக எழுதினால் சரி, 8 பிட்டாக எழுதினால் பக்கத்து பைட் கெடுகிறது என்றால் எந்த பைட்டை எழுத வேண்டும் என்று சொல்கிற டிக்யூஎம் லைனைப் பாருங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டேன் என்று நம்பித்தான் போர்டைக் கொடுத்தேன். படம் கண்ணாடி மாதிரி நின்றது. சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, எழுத்துகள் மட்டும் சிதைய ஆரம்பித்தன. டைமிங், சால்டரிங் என்று இரண்டு நாள் தேடினேன். ரிஃப்ரெஷ் எண்ணிக்கை எழுதுகிற அந்த ஒரு வரியை நானேதான் விட்டிருந்தேன். படம் இருந்த ரோக்களைத் திரை நொடிக்கு 60 தடவை படிக்கிறது, படித்தாலே அந்த ரோ புதுப்பிக்கப்பட்டுவிடும். எழுத்துரு இருந்த ரோக்களை யாரும் அப்படித் தொடவில்லை, சூட்டில் மின்னூட்டம் சீக்கிரம் கசிந்துவிட்டது. மேசையில் டெஸ்ட் ஒரு நொடியில் முடிந்துவிட்டதால், ரிஃப்ரெஷ் இல்லாமலே சிப் அதுவரை தாக்குப்பிடித்திருக்கிறது. இப்போதெல்லாம் 8 எம்பியையும் நிரப்பிவிட்டு, ஹேர் டிரையரால் சிப்பைச் சூடாக்கி, பத்து நிமிடம் கழித்துத்தான் படிக்கிறேன்.