நம்ம ஊர் வெயிலில் முதல் லாகர்: முதலில் ஃபிரிட்ஜ், அப்புறம்தான் மால்ட்

எங்கள் ஊர் மலேசியாவில் சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா. வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை, மதியம் மூன்று மணிக்கு எங்கள் அடுப்படியில் 33 டிகிரி. இங்கே லாகர், அதாவது குளிரில் நொதிக்கும் பீர், காய்ச்சப் போகிறேன் என்றதும் கூட்டாளிகள் சிரித்தார்கள். முதல் தடவை அவர்கள் சிரித்தது சரிதான், இரண்டாவது தடவையும் சரிதான். மூன்றாவதுதான் குடிக்கிற மாதிரி வந்தது.

நமக்குக் கள் தெரியும். காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்துவிடும். அதற்கு வெயில்தான் துணை. லாகர் ஈஸ்ட் நேர் எதிர். அதற்கு 10 முதல் 13 டிகிரி வேண்டும், அதுவும் ஏறாமல் இறங்காமல். பவேரியாவில் 1553இல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே தடை போட்டார்கள். கோடையில் காய்ச்சினால் கெட்டுப்போகும் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. நமக்கோ வருடம் முழுக்கக் கோடை. 1870களில் லிண்டே என்பவரின் குளிரூட்டும் இயந்திரத்தை முதலில் வாங்கிப் போட்டவர்களில் மியூனிக் பீர் ஆலைக்காரர்கள் உண்டு. ஆகவே பழைய ஃபிரிட்ஜை வைத்து லாகர் காய்ச்சுவது ஒன்றும் குறுக்கு வழி இல்லை.

எந்த லாகர்?

டைகர், கார்ல்ஸ்பெர்க் எல்லாம் லாகர்தான் என்பதால் எல்லோரும் வெளிர் மஞ்சள் நிறத்தில்தான் தொடங்க ஆசைப்படுவார்கள். நானும் அப்படித்தான். வேண்டாம். அதில் சின்னத் தப்பைக்கூட ஒளித்து வைக்க இடமில்லை. கொஞ்சம் செந்நிறமாக, வியன்னா லாகர் சாயலில் ஒன்று செய்யுங்கள். மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ரொட்டிச் சுவை பல குற்றங்களை மூடிவிடும்.

10 லிட்டருக்கு வேண்டியவை: வெளிர் மால்ட் பவுடர் (மால்ட் சாற்றை உலர்த்தியது) 1 கிலோ, ஆம்பர் மால்ட் பவுடர் 200 கிராம், சாஸ் ஹாப்ஸ் (கசப்பு தரும் பூ) 30 கிராம், சாஃப்லாகர் டபிள்யூ-34/70 ஈஸ்ட் 11.5 கிராம் பாக்கெட் ஒன்று. 20 லிட்டர் செய்தால் ஈஸ்ட்டும் இரண்டு பாக்கெட். அதில் கஞ்சத்தனம் கூடாது. ஹாப்ஸ் பாக்கெட்டில் ஆல்பா (கசப்பின் அளவு) 3.5 என்று இருந்தால் 30 கிராம், 5 என்று இருந்தால் 20 போதும்.

காய்ச்சுவது

12 லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு மால்ட்டைக் கரையுங்கள். அணைக்காமல் கொட்டினால் அடியில் பிடித்துக் கருகும். மறுபடி கொதி வந்ததும் ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம், மூடாமல். முதல் பத்து நிமிடம் பாலைப் போலப் பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். கடைசியில் 10 லிட்டர் சொச்சம் நிற்கும். பெரிய தொட்டியில் ஐஸ் போட்டுப் பானையை அதில் இறக்கிக் குளிர வையுங்கள். ஐஸ் கட்டிகளை உள்ளே போடாதீர்கள்.

அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தொடுகிற எல்லாவற்றையும் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். கழுவத் தேவையில்லாத ஸ்டார் சான் என் விருப்பம், லிட்டருக்கு 1.5 மில்லி. குளோராக்ஸ் பிளீச் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். வாசம் பீரில் ஏறும்.

வெப்பக் கட்டுப்பாடு: நான் விழுந்த இடம்

பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜை 150 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். தட்டுகளைக் கழற்றினால் 15 லிட்டர் உணவுத் தர வாளி ஒன்று உள்ளே நிற்கும். வாங்கப் போகும்போது வாளியையும் தூக்கிக்கொண்டு போங்கள், வெட்கப்படாமல். பழைய ஃபிரிட்ஜை 12 டிகிரியில் நிறுத்த அதன் சொந்தத் திருகு உதவாது. வெளியே ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். மூன்று முள் பிளக்கோடு வருவதையே வாங்குங்கள். வெறும் பலகையாக வருவது மலிவு. ஆனால் 240 வோல்ட்டில் வயர் பிடிக்கிற வேலை தெரியாதவர்களுக்கு அது வேண்டாம்.

முதல் தடவை அந்தக் கருவியின் உணரியை (சென்சார்) ஃபிரிட்ஜுக்குள் காற்றில் தொங்கவிட்டேன். திரையில் 12 என்று காட்டியது, நிம்மதியாகத் தூங்கப் போனேன். ஈஸ்ட் வேலை செய்யும்போது அதுவே சூட்டைக் கிளப்பும் என்பது அப்போது தெரியாது. காற்று 12இல் இருக்க, மூன்றாம் நாள் சந்தேகப்பட்டு ஹைட்ரோமீட்டருக்கு (பீரின் அடர்த்தியை அளக்கும் கருவி) எடுத்த பீரில் தெர்மாமீட்டரை விட்டால் 18. முழு வாளியிலும் பழவாசம். லாகர் சுத்தமாக இருக்க வேண்டும். இது வாழைப்பழத் தோல் மாதிரி மணத்தது.

ஆகவே உணரியை வாளியின் பக்கவாட்டில், பீர் மட்டத்துக்குக் கீழே ஒட்டுங்கள். அதன் மேல் நாலாக மடித்த துணியை வைத்து அகல டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். துணி இல்லாவிட்டால் அது மறுபடி காற்றைத்தான் அளக்கும். 12 என்று வையுங்கள், ஒரு டிகிரி ஏற்ற இறக்கம் போதும். கருவியில் கம்ப்ரசர் தாமதத்தை (நின்ற மோட்டார் மறுபடி ஓடும் முன் காத்திருக்கும் நேரம்) ஐந்து நிமிடமாக வைத்தால் பழைய மோட்டார் பிழைக்கும். பானையில் 20க்கு வந்ததை வாளிக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்து, 12க்கு இறங்கிய பிறகே ஈஸ்ட்டைத் தூவுங்கள். அவசரப்பட்டுச் சூட்டில் தூவாதீர்கள்.

மூன்றாம், நான்காம் நாளில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அம்மா ஃபிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்துச் செத்த எலியைத் தேடினார். பயப்பட வேண்டாம், லாகர் ஈஸ்ட்டுக்குக் கந்தக வாசம் இயல்பு, தானே போய்விடும். அம்மாவின் பெரிய பயம் வேறு. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு வீட்டில் காய்ச்சுவது என்றாலே சம்சு எனும் கள்ளச்சாராயம்தான். இதில் வடிப்பது கிடையாது, வெறும் நொதிப்புதான் என்று புரியவைக்க ஒரு வாரம் பிடித்தது.

வெண்ணெய் வாசம்

இரண்டாவது தடவை வெப்பம் சரியாக இருந்தது. குமிழி நின்றதும் ஏழாம் நாளே குளிரவைத்துவிட்டேன். பீரில் வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாசம். ஈஸ்ட் போகிற வழியில் விட்டுச் செல்லும் டையசெட்டில் என்ற பொருள் அது. அதை ஈஸ்ட்டே திரும்பத் தின்னும், ஆனால் கொஞ்சம் சூடு கொடுக்க வேண்டும். ஹைட்ரோமீட்டர் 1.046இல் தொடங்கி 1.018 பக்கம் வந்ததும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை 17 டிகிரிக்கு ஏற்றி மூன்று நாள் விடுங்கள். அப்புறம் ஒரு சிறு குவளையில் எடுத்து மூடி, சுடுதண்ணீரில் இருபது நிமிடம் வைத்து முகர்ந்து பாருங்கள். வெண்ணெய் வந்தால் இன்னும் இரண்டு நாள்.

மூன்று நாள் ஒரே எண் காட்டினால்தான் முடிந்தது என்று பொருள். இந்த அளவில் 1.010 பக்கம் நிற்கும், ஆல்கஹால் 4.7 சதவீதம் வரும். ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்குச் செய்தது. நம் 30 டிகிரி அறையில் அளந்தால் இரண்டு, மூன்று புள்ளி (0.002, 0.003) குறைவாகக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாட்டில்

லிட்டருக்கு 6 கிராம் சீனி. பாட்டில் பாட்டிலாகக் கரண்டியால் போடாமல், மொத்தச் சீனியையும் காய்ச்சி ஆற வைத்து, சுத்தமான இன்னொரு வாளியில் ஊற்றி, அதன் மேல் பீரைக் குழாய் வழியாகச் சலசலப்பில்லாமல் இறக்குங்கள். சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அது கல் மாதிரி இறுகினால் மற்றவற்றிலும் வாயு ஏறிவிட்டது. அறையில் பத்து நாள், பிறகு ஃபிரிட்ஜில் 1 அல்லது 2 டிகிரியில் நான்கு வாரம். லாகர் என்ற சொல்லே ஜெர்மனில் கிடங்கு என்பதிலிருந்து வந்தது. இரண்டாம் வாரமே ஒன்றைத் திறப்பீர்கள், எனக்குத் தெரியும்.

பிறகு சேர்த்தது

சூட்டிலிருந்து குளிருக்கு மாற்றியபோது ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடியின் தண்ணீர் அடைப்பு) இருந்த தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கும், அதனால்தான். வாளியோடு ஃபிரிட்ஜில் குளிரவைப்பவர்கள் அப்போது ஏர்லாக்கைக் கழற்றி, ஸ்டார் சானில் நனைத்த பிளாஸ்டிக் உறையை ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள்.

இடிமழையில் மின்சாரம் போனால்? கதவைத் திறக்காதீர்கள். 10 லிட்டர் குளிர்ந்த பீர் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது.

தீபாவளிக்கு விற்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. விற்பது இருக்கட்டும், 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி இங்கே மதுபானம் தயாரிக்கவே உரிமம் வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஊற்றும்போது பாட்டிலின் அடியில் ஒரு விரற்கடை விட்டுவிடுங்கள், அது ஈஸ்ட் படிவு. எங்கள் மாமா கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துக் குடித்துவிட்டு இரவெல்லாம் வயிறு உப்பி உட்கார்ந்திருந்தார்.