திருவனந்தபுரம் மியூசியம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

முதலில் கிழமையைப் பாருங்கள். மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி, களியக்காவிளை தாண்டி, நெய்யாற்றின்கரை நெரிசலில் வெந்து நான் முதல் தடவை போய் இறங்கியது ஒரு திங்கட்கிழமை. கேட் பூட்டிக் கிடந்தது. திங்கள் விடுமுறை, புதன்கிழமை மதியம் 1 மணிக்குத்தான் திறப்பார்கள். மற்ற நாட்களில் காலை 10 மணிக்கே போய்விடுங்கள்.

திருவனந்தபுரம் பஸ் ஸ்டாண்டு இருக்கும் தம்பானூரில் இறங்கி 'மியூசியம்' என்றால் போதும், சரியான பஸ்ஸைக் காட்டுவார்கள். வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலையும் உண்டு. அதைக் கடைசிக்கு வையுங்கள். குரங்கைப் பார்த்த பிள்ளை அப்புறம் படம் பார்க்க வராது.

நேப்பியர் மியூசியத்தைக் கொஞ்ச நேரம் வெளியே நின்றே பாருங்கள். 1880-ல் கட்டியது. சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸை வடிவமைத்த ராபர்ட் சிஷோம்தான் இதையும் வடிவமைத்தார். சரிந்த ஓட்டுக்கூரையில் நம்ம பத்மநாபபுரம் அரண்மனைச் சாடை தெரியும். உள்ளே செப்புத் திருமேனிகள், தந்த வேலைப்பாடு, கோயில் தேர்.

அடுத்து ஓவியங்கள். ஸ்ரீ சித்ரா ஆர்ட் கேலரி 1935-ல் தொடங்கியது. ரவிவர்மா படங்களுக்கு 2023-ல் அதே வளாகத்தில் தனிக் கேலரி திறந்தார்கள். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க நினைத்தால் கால்தான் வலிக்கும். சும்மா ஒரு சுற்று நடங்கள். மனதில் ஒட்டிய மூன்று படங்களுக்கு மட்டும் திரும்பி வாருங்கள்.

ரவிவர்மாவை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்துதான் லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுச் சுவர்களுக்கு வந்தார்கள். இங்கே இருப்பது அச்சல்ல, தூரிகை தொட்ட துணி. அன்னத்தோடு தமயந்தி நிற்கும் 'ஹம்ச தமயந்தி' படத்தின் முன்னால் நில்லுங்கள். வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் ஒரு அடி பக்கவாட்டில் நகருங்கள். கயிற்றைத் தாண்டாமல் எவ்வளவு கிட்டப் போகலாமோ போய்ச் சேலைக்கரையைப் பாருங்கள்: மஞ்சளும் பழுப்புமாகச் சாயத் தீற்றல், அவ்வளவுதான். நாலு அடி பின்னால் வந்தால் அதே தீற்றல் சரிகையாகிவிடும். தங்கமே இல்லாமல் தங்கம்!

அந்தச் சூட்டோடு தஞ்சாவூர் ஓவியங்களுக்குப் போங்கள். அங்கே ஒட்டியிருப்பது அசல் தங்க ரேக்கு. நேராகப் பார்க்காமல் ஓரமாக நின்று பாருங்கள். சுண்ணப் பூச்சில் நகைகள் புடைத்து நிற்பது அப்போதுதான் தெரியும்.

ரஷ்ய ஓவியர் ரோரிக் வரைந்த இமயமலைப் படங்களைக் கடைசியாகப் பாருங்கள். மார்த்தாண்டம் வெயிலிலிருந்து வந்த எனக்கு அந்த நீலம் ஏசி போட்ட மாதிரி இருந்தது.